லெவல் ஒன்று என்றால் மேலா, கீழா?

அந்தப் பக்கம் என் திரையில் வந்திருக்கவே கூடாது. காலை பத்தே முக்காலுக்கு வந்தது.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் வீட்டிலிருந்தபடி பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு பேக்எண்ட் புரோகிராம் எழுதுகிறேன். பள்ளிகளுக்காக ஒரு விக்கி செய்திருந்தோம். ஆசிரியர்கள் பக்கங்களை எழுதுவார்கள், பெற்றோர் படிப்பார்கள். புது வசதி எதுவானாலும் கோர் எனப்படும் மூல நிரலைத் தொடாமல், எக்ஸ்டென்ஷன் என்ற தனித் துண்டாகச் சேர்க்கலாம். அந்த வடிவமைப்பு என்னுடையது. யார் எதைப் படிக்கலாம் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை லெவல் வைத்ததும் நான்தான். என் மகள் திவ்யாவின் பள்ளியிலும் அதுதான்.

அன்று தேடல் எக்ஸ்டென்ஷன் புதிதாக ஏறியிருந்தது. சோதித்துப் பார்க்க, பெற்றோர் லாகினில் நுழைந்து மகள் பெயரைத் தட்டினேன். பள்ளி மனநல ஆலோசகரின் குறிப்பு திறந்தது. முதல் வரி: "அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறாள்."

உடனே மூடிவிட்டு, எக்ஸ்டென்ஷனை எழுதிய ரம்யாவைக் கூப்பிட்டேன்.

"பேரன்ட்ஸுக்கு இன்னா லெவல் வெச்சிருக்க?"

"நீங்க குடுத்த ஒன்னுதான்க்கா. ஒன்னுதானே டாப்பு? அவங்களுக்கு எல்லாப் பக்கமும் தெரியட்டும்னு வெச்சேன்."

"ஐயோ, ஒன்னுன்னா தரைக்குப் பக்கம்டி! நம்பர் ஏற ஏற ஆழம். அஞ்சு, கவுன்சிலிங் மிஸ்ஸுக்கு மட்டும்."

"எந்த ஊர்லக்கா அப்படி எண்ணுவாங்க?"

எங்கள் ஊரில்தான். அப்பா சுரங்கத்தில் இருந்தார். லெவல் என்றால் கீழே போகும் கணக்கு என்றே வளர்ந்தேன். அதை ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

பதினோரு மணிக்குப் பரீட்சை அட்டவணை வரும். எல்லாப் பெற்றோரும் பிள்ளை பெயரைப் போட்டுத் தேடுவார்கள். ஒரு எக்ஸ்டென்ஷனை மட்டும் அணைக்க நான் சுவிட்ச் வைக்கவில்லை. விக்கியையே நிறுத்தியாக வேண்டும்.

"இப்ப மூடினா ஸ்கூல்காரங்க என்னைத் தின்னுடுவாங்கம்மா!" என்றார் மேனேஜர்.

"திட்டு வாங்கிக்கலாம் சார். இத வெளிய வுட்டா திரும்ப அள்ள முடியாது."

பத்து ஐம்பத்தாறுக்கு நிறுத்தினேன். யார் எதைத் திறந்தார்கள் என்று பதிவாகும் லாகைப் பார்த்தேன். ஆலோசகரின் குறிப்புகளில் ஒன்றே ஒன்றுதான் திறக்கப்பட்டிருந்தது. திறந்தவள் நான்.

மாலைக்குள் திருத்தினோம். யார் எதைப் படிக்கலாம் என்பதை கோர் மட்டுமே முடிவு செய்யும்; எக்ஸ்டென்ஷன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லெவல் எண்களுக்குப் பதில் 'பெற்றோர்', 'ஆலோசகர்' என்று பெயர்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனி சுவிட்ச்.

திவ்யா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"எவ்ளோ படிச்சம்மா?"

"ஒரு வரி."

"மீதி?"

"மூடிட்டேன்."

"நீதான எழுதின? நெனச்சா இப்பக்கூட உன்னால தெறக்க முடியும்ல?"

முடியும். டேட்டாபேஸ் முழுவதும் என் கையில் இருந்தது. அனுமதிப் பட்டியல் போடும்போது, தடுக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களே, தடுக்க வேண்டியவர்களில் முதலில் உங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் எதிரிலேயே ரம்யாவுக்கு எழுதி, அந்தப் பள்ளியின் டேட்டாபேஸைத் திறக்கக்கூடியவர்களிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். இரண்டாவது வரி என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.