ஓரகத்திக்குக் கிடைத்த செபமாலை வேலை

வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று யாராவது வந்து சொன்னால், அதை நம்பலாமா கூடாதா என்று எங்கள் தெருப் பெண்கள் என்னிடம்தான் கேட்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், ஆவூரில், எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. தெருவில் ஒரு பெண் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, சோப்பு செய்யக் கற்றுக்கொள்வதற்காக மணியார்டர் அனுப்பப் போனாள். "வேலை குடுக்குறவன் எதுக்கு மொதல்ல பணம் கேக்குறான்? அனுப்பாத" என்றேன். கேட்காமல் அனுப்பினாள். பதிலுக்கு அச்சடித்த அரைத்தாள் ஒன்று வந்தது. அதில் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதற்குப் பிறகு என் சொல்லுக்கு ஒரு மதிப்பு. நான் எட்டாவது வரை படித்தவள், வாத்தியார் மனைவி என்பதும் சேர்ந்துகொண்டது.

என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பி மனைவி, பக்கத்து வீட்டில் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர், பொதுவாக ஒரு கிணறு. என்னைவிட ஆறு வயது சிறியவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதைத் தொட்டாலும் அவள் கைக்கு அது வரும். முறுக்குச் சுற்றினால் அச்சில் பிழிந்தது போல் இருக்கும். என் கணவரே ஒருநாள், "அந்தப் புள்ள கை ஒனக்கு வராது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அதை நான் மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது திருச்சியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கோயில் மரத்தடியில் ஒரு பையை விரித்து வைத்திருந்தார். செபமாலை கோக்கும் வேலை. மணியும் கம்பியும் கடை கொடுக்கும். வீட்டில் வைத்துக் கோத்துக் கொடுத்தால் மாலைக்கு இவ்வளவு கூலி. அவர் கையில் கடை விலாசம் அச்சடித்த ரசீதுப் புத்தகம் இருந்தது. பங்குச் சாமியார் வெளியே வந்து பார்த்துவிட்டு, "எனக்கு இவரைத் தெரியாது. விசாரிச்சுக்கிட்டுச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை வேண்டும் என்றவர்களுக்கு ஆளுக்குப் பத்து மணியும், கொஞ்சம் கம்பியும், ஒரு சின்னக் குறடும் கொடுத்துக் கோக்கச் சொன்னார். நான்தான் முதலில் உட்கார்ந்தேன். முடித்துக் கொடுத்ததை அவர் இரண்டு விரலால் லேசாக இழுத்தார். இரண்டு இடத்தில் பிரிந்தது.

"கொக்கி வாய் தொறந்திருக்கும்மா. செபம் சொல்றப்பவே அறுந்துரும்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். ஓரகத்தி கோத்ததை இழுத்தார்; இன்னும் பலமாக இழுத்தார். அசையவில்லை. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார். அவளை முதலில் சொன்னார். அடுத்த ஞாயிறு சரக்கோடு வருவதாகவும், முன்பணம் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் என்னிடம்தான் கேட்டாள்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. இவரு நெசமான ஆளுதானா? நீங்க பாத்துச் சொன்னாத்தான் நான் எறங்குவேன்."

நான் வைத்திருந்த அளவுகோல்படி அவரிடம் ஒரு குறையும் இல்லை. பணம் கேட்கவில்லை. விலாசம் இருந்தது. இன்றைக்கே முடிவு சொல் என்று அவசரப்படுத்தவில்லை. இதையே வேறு ஒருத்தி கேட்டிருந்தால், தைரியமாகச் செய் என்று சொல்லியிருப்பேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"முன்பணம் வாங்காம முகந்தெரியாதவங்கள நம்பிச் சரக்கக் குடுப்பாகளா? அதுதான் எனக்கு இடிக்குது. இரு, கடைக்கே எழுதிக் கேப்போம்."

மறுநாளே, பதில் எழுத இன்னொரு கார்டும் சேர்ந்திருக்கும் ரிப்ளை கார்டு வாங்கி எழுதினேன். கடிதம் நல்ல கடிதம்தான். இப்படி ஒருவர் வந்தார், உங்கள் ஆள்தானா, வேலையின் விவரம் என்ன என்று ஒழுங்காகக் கேட்டிருந்தேன். அதை அவளுக்கு வாசித்தும் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு, "ஒங்களுக்குத்தான் எப்படி எழுத வருது" என்றாள். அப்போது மட்டும் மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அவள் கடலை பறிக்கப் போயிருந்தாள். தபால்காரர் என் கையில் கொடுத்தார். உங்கள் ஊருக்கு வந்தவர் எங்கள் ஆள்தான். பல ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்து செய்கிறார்கள். சரக்குக்குப் பணம் வாங்குவதில்லை. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம் என்று மணியான எழுத்தில் எழுதியிருந்தது. நான் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மணி கோப்பதும், அவர் மாதாமாதம் வந்து அவளைப் பாராட்டுவதும், அதை என் கணவர் சாப்பிடும்போது சொல்வதும் எனக்குக் கண்ணில் தெரிந்தன. உலை கொதித்துக்கொண்டிருந்தது. கார்டை அடுப்பில் வைத்தேன்.

"பதில் வந்துச்சாக்கா?" என்று சனிக்கிழமை கிணற்றடியில் கேட்டாள்.

"வரல. நெசக் கடையா இருந்தா ஒரு கார்டுக்குப் பதில் போட மாட்டானா?"

ஞாயிற்றுக்கிழமை அவர் சரக்கோடு வந்தபோது, "இந்தத் தடவ வேணாங்க" என்று தலை குனிந்து சொல்லிவிட்டு வந்தாள். மற்ற நால்வரும் வாங்கிக்கொண்டார்கள். அன்று மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வாரத்தில் நால்வருக்கும் கூலி வந்தது. "மொதல்ல ஒழுங்காக் குடுத்துப் பழக்கிட்டு அப்பறந்தான் ஏமாத்துவாங்க" என்றேன். அடுத்த முறையும் கூலி வந்தது. அதற்கு அடுத்த வாரம் அவள் புருஷன் உழவு மாட்டுக்கு மருந்து வாங்கத் திருச்சிக்குப் போனபோது, இவளும் பஸ் ஏறினாள். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை கிணற்றடியில், வாளியை இறக்கிக்கொண்டே பேசினாள்.

"கடையப் பாத்துட்டு வந்துட்டேங்க்கா. நெசந்தான். உள்ள பத்துப் பொம்பளைங்க மாலை குடுக்க வந்திருந்தாக. எத்தன வருசமாச் செய்யிறீக, கூலி ஒழுங்கா வருதான்னு ஒவ்வொருத்தரையாக் கேட்டேன். ஆறு வருசமாச் செய்யிற அம்மாவெல்லாம் இருக்காக."

"அப்படியா" என்றேன்.

"கடைக்காரரு எந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன். அந்த ஊருக்கு ஒரு கார்டு எழுதுனோமே, வரலையான்னாரு."

நான் என் குடத்தைக் கழுவத் தொடங்கினேன்.

"தபால்ல எங்கயாச்சும் தொலைஞ்சிருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவமானமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் முதலில் வந்தது அவமானம் இல்லை. ஊர் பேர் தெரியாத கடையில் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறாளே, இதிலும் என்னை மிஞ்சிவிட்டாளே என்றுதான் எரிந்தது.

அவள் வேலையில் இறங்கினாள். பகலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் குறடு சத்தம் கேட்கும். தெருப் பெண்கள் என்னிடம் வருவது குறைந்தது. ஊதுபத்தி வேலைக்கு டெபாசிட் கட்டச் சொல்லி ஒருவன் வந்தபோது அவளிடம்தான் போனார்கள். "எடத்த நேர்ல போய்ப் பாருங்க. ஏற்கனவே செய்யிறவங்கள, அவன் பக்கத்துல இல்லாதப்பக் கேளுங்க" என்றாளாம். அவன் காட்டிய விலாசத்தில் இருந்தது ஒரு மூடிய கடை. நான் இதுவரை எந்த இடத்தையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு முறையும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவேன். ஞானோபதேச வகுப்பில் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த ஏழு தலையான பாவங்களில் காய்மகாரமும், அதாவது பொறாமையும், ஒன்று. அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுக்க இரண்டு வருடம், இரண்டு தபசுகால நோன்பு, ஆயிற்று. சொன்னபோது, யாருக்குக் கெடுதல் செய்தாயோ அவளிடம் போய்ச் சொல் என்றார் சாமியார்.

போனேன். அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார்டு வந்துச்சு. நாந்தான் அடுப்புல போட்டேன்."

அவள் கோப்பதை நிறுத்தவில்லை. "தெரியுங்க்கா" என்றாள். அடுத்த மணியைக் கோத்துவிட்டு, "அந்த ஒன்றர மாசக் கூலி இருந்திருந்தா எம்மவளுக்குப் புதுநன்மைக்கு ஒரு வெள்ளக் கவுனு எடுத்திருப்பேன். அது ஒண்ணுதான்" என்றாள்.

அந்தப் பிள்ளை புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியது என் மகளுடைய பழைய கவுனில். நான்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஊரெல்லாம் கேட்கும்படி, நான் கொடுத்ததுதான் என்று சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அவள் முகம் மாறவில்லை. சொல்லிவிட்டதால் என் வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. சில வருடம் கழித்து அவள் ஒரு தையல் மிஷின் வாங்கினாள். மாட்டு வண்டியில் வந்து இறங்கியதை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். "அக்கா, இங்கிட்டு வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போய் அதன் சக்கரத்தைத் தொட்டுச் சுற்றிப் பார்த்தேன். நெஞ்சுக்குள் பழைய சூடு ஏறியது. "நல்லா இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. மிஷின் நன்றாகத்தான் இருந்தது.