ஆணி அடிக்காத கொடிகள்

நாடு முழுக்கச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களை அச்சடிக்கும் சிவகாசி பிரஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். என் வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி கிடையாது. ஜன்னல் கம்பியில் சணல் கட்டி அதில்தான் தொங்கவிட்டிருக்கிறோம். காற்றடித்தால் திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டும். வீட்டுக்கு வரும் பிரஸ் ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

காரணம் என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்தவள். அங்கே காலையில் கேட்டைத் தாண்டும்போதே கொண்டை ஊசி, சேப்டி பின், கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் இரும்பு கூடாது, செருப்பு கூடாது. எதையும் தட்டக் கூடாது, உரசக் கூடாது, தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இத்தனை வருடம் அப்படியே இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாற முடியுமா? எங்கள் பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்குவோம். சுத்தியல் என்ற சாமானை அவள் வாசலுக்கு உள்ளே விட்டதே இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான்.

போன வருடம் தீபாவளி சீசன் நெருக்கத்தில் அவள் வேலை செய்த அறைக்குப் பக்கத்து அறை வெடித்தது. இவள் ஓடிவிட்டாள். ஓடுவதற்குள் வலது கையில் நெருப்புப் பிடித்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்த மூன்று பேரால் ஓட முடியவில்லை. அந்த மூன்று பேரைப் பற்றி இவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத்தான் உட்காரவைத்துச் சொன்னார். வெந்த தோல் ஆறும்போது சுருங்குமாம்; விரல்களை உள்ளே இழுக்குமாம். விரித்து விரித்து வேலை வாங்கிக்கொண்டே இருந்தால் கை திரும்பக் கிடைக்கும், சும்மா விட்டால் மூடிக்கொள்ளும் என்றார். இந்த ஒரு வருடம்தான் முக்கியம் என்றும் சொன்னார். அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். அதை அவள் மூன்றாம் நாளே பரணில் எறிந்துவிட்டாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கையால ஒரு வாய் சோறு அள்ளித் திங்கணும். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேணாம்." இடது கையால் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. ஸ்பூனைக் கொடுத்தால், நான் என்ன ஆஸ்பத்திரியிலா இருக்கேன் என்று கேட்டாள். அதனால் நான்தான் ஊட்டினேன். முதல் நாள் இரண்டு பேருக்குமே வெட்கம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு ஊட்டினேன். பாதிச் சோறு மடியில் விழுந்தது. அப்புறம் தினமும் மதியம் பிரஸ்ஸிலிருந்து சைக்கிளில் வந்து ஊட்டிவிட்டுப் போவேன்.

அவள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு முன்னால் பத்தடிக்குப் பத்தடி ஒரு தோட்டம் வைத்திருந்தாள். செம்பருத்தி, கனகாம்பரம், கறிவேப்பிலை என்று எல்லாம் குளித்த தண்ணீரிலேயே வளர்ந்தவை. அங்கே வந்து உட்காருவாள். அதற்கப்புறம் உள்ள கேட்டைத் தொட மாட்டாள். யாராவது தெருவில் வந்தால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே எழுந்து போய்விடுவாள்.

ஜூன் மாதம் பிரஸ்ஸில் சுதந்திர தினத்துக்கான காகிதக் கொடி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பேப்பர் பண்டல்கள் மரச் சட்டங்களின் மேல் ஏற்றித்தான் வரும். பண்டலைப் பிரித்த பிறகு அந்தப் பலகைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆணிகளை அங்கேயே பிடுங்கிப்போட்டுவிட்டு, வெந்நீர் அடுப்புக்காகக் கொஞ்சம் கட்டிக்கொண்டு வந்தேன். பலகைகளைச் சுற்றிக் கட்டியிருந்தது அச்சில் வீணான ஒரு கொடித் தாள். அவள் அந்தத் தாளைக் கசங்காமல் மடித்து அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். பிறகு பலகைகளில் ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"இத எரிக்கிறதுக்கா கொண்டாந்தீக? எம்புட்டு நேரா இருக்கு. பெயிண்ட் வாங்கியாங்க, கொடி செஞ்சு செடிக்கு நடுவுல வைப்போம்."

எட்டு மாதத்தில் அவளாக ஒரு சாமான் வாங்கிவரச் சொன்னது அதுதான் முதல் தடவை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே போனேன். மரக்கடையில் பலகைகளை ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து வாங்கிவந்தேன். மூன்று துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, பின்னால் ஒரு குச்சி கொடுத்து மண்ணில் ஊன்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆணி அடித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாதே! மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சச் சொன்னாள். பட்டாசுக் குழல் ஒட்டுகிற அதே பசை. ஒட்டிவிட்டு மேலே சணலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு அவள் வாயால் முடிச்சைச் சொல்லித்தர, நான் கட்டினேன். என் முடிச்சு ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை. பலகையின் சிலும்பைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தேன். இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன், அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் தேய்க்கவில்லை. எங்கள் கொடிகள் எல்லாம் சொரசொரப்பாகவே இருந்தன.

பெயிண்ட் அடிப்பது மட்டும் அவள் வேலை. பிரஷ்ஷின் காம்பில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தேன். முதல் கொடியில் ஆரஞ்சு வெள்ளைக்குள் வழிந்து, பச்சை அவள் முழங்கை வரைக்கும் இருந்தது. சக்கரம்தான் பெரிய பாடு. ஆரம் இருபத்து நாலு. முதல் தடவை அவளால் பதினொன்றுதான் போட முடிந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இது கொடிச் சக்கரமா, மாட்டு வண்டிச் சக்கரமா?" என்றேன்.

"உங்களுக்குக் கையி நல்லாத்தான இருக்கு, நீங்க போடுங்க" என்று பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தாள். மறுநாள் மதியம் வந்து பார்த்தபோது வேறொரு பலகையில் பத்தொன்பது ஆரம் போட்டு வைத்திருந்தாள். நான் எண்ணுவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை முடியும்போது இருபத்து நாலும் வந்துவிட்டது. கோணல் மாணல்தான், ஆனால் இருபத்து நாலு. டம்ளரைப் பிடிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் மதியம் தட்டில் தயிர்ச்சோறு பிசைந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் கை தட்டில் இருந்தது. மூன்று விரல்களால் கொஞ்சம் சோற்றை ஒதுக்கினாள், எடுத்தாள். பாதி வழியில் கொட்டிவிட்டது. மிச்சம் வாய்க்குப் போயிற்று. பத்துப் பருக்கைகூட இருக்காது. அவள் மென்றுகொண்டே அழுதாள். நான் அடுக்களைக்கே திரும்பப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

தெருக்கோடியில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார். செடிகளுக்கு நடுவே ஊன்றியிருந்த ஐந்தாறு கொடிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டருகே நின்றார். பள்ளிக்கூடப் பூச்செடிகளைச் சுற்றி வைக்கப் பன்னிரண்டு கொடி செய்து தர முடியுமா என்று கேட்டார். நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"செஞ்சு தாறோம் டீச்சர். நானே வந்து ஊனுறேன்."

என் காதால் கேட்டதை என்னாலேயே நம்ப முடியவில்லை. கேட்டைத் தாண்டாதவள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாளாம். அந்த இரண்டு வாரம் எங்கள் வீடு வீடாக இருந்தது.

பன்னிரண்டில் பத்தை முடித்துவிட்டாள். சுதந்திர தினத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழையை நம்பவும் முடியாது, திட்டவும் முடியாது. மறுநாள் காலையில் தோட்டத்தில் இருந்த கொடிகள் எல்லாம் பிய்ந்து கிடந்தன. பசை கரைந்து, சணல் தளர்ந்து, ஆரஞ்சுப் பலகை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். பட்டாசுக் குழல் ஒட்டுகிற பசை மழையில் நிற்குமா? மழை படாமல் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஊரில் எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

"இன்னும் கெட்டியாக் காய்ச்சி ஒட்டுவோம்" என்றாள்.

"கிழிஞ்சுது. பள்ளிக்கூடத்துல அத்தன பேருக்கு முன்னால கொடி சேத்துல விழவா? ஆணிதான் அடிக்கணும்."

"இந்த வீட்டுல அது வேண்டாங்க."

"நீ கம்பெனியில இல்ல, வீட்டுல இருக்க" என்று கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பிரஸ் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை அங்கே கொண்டுபோய் அடித்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் பயம் போகும் என்றும் ஒரு நினைப்பு, யாரோ பெரிய வைத்தியன் மாதிரி. மரக்கடைக்காரரிடம் சுத்தியல் வாங்கிவந்தேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தோட்டத்தில் உட்கார்ந்து முதல் கொடியை எடுத்தேன்.

மூன்று அடிதான் அடித்தேன். பின்வாசல் கதவு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. ஈரச் சேலையும் வெறுங்காலுமாக அவள் என்னைத் தாண்டி ஓடினாள். என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, "ஓடுங்க, ஓடுங்க, திரும்பிப் பாக்காம ஓடுங்க" என்று கத்திக்கொண்டே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினாள்.

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. கதவுகள் திறந்தன. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். வாயில் பல்பொடியோடு ஒருவர், மாவு ஒட்டிய கையோடு ஒருத்தி. என்ன, எங்கே என்று ஓடும்போது யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள்தான். பள்ளிக்கூட மதிலருகே போய் நின்ற பிறகுதான் கேட்டார்கள். "எங்கன? எந்த கம்பெனில?" என்று வானத்தில் புகையைத் தேடினார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, வலது கையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் சுத்தியலோடு அங்கே போய் நின்றேன். எங்கேயாவது வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒவ்வொருவராக அதைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் முந்தானையில் இவள் தலையைத் துவட்டிவிட்டாள். "நீங்களுமா அண்ணே இப்படிச் செய்வீக?" என்றாள்.

அதன் பிறகு அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. கோபம் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைச் சேலைக்குள் வைத்தவள் வெளியே எடுக்கவே இல்லை.

பன்னிரண்டையும் திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய் ஆணி அடித்தேன். அவள் வரையாமல் விட்ட இரண்டு சக்கரங்களைக் கவராயம் வைத்து நான் வரைந்தேன். நானே கொண்டுபோய் ஊன்றினேன். கொடியேற்றத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். முக்கியமாக நான் வரைந்த இரண்டையும் காட்டி, இவை எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்றார் ஒருவர். அவருக்குக் கை கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பரில் மதுரைக்குப் போனோம். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஜூலையில் பார்த்தபோது நன்றாக விரிந்ததே, பயிற்சியை ஏன் விட்டீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தப்பு எம்மேலதான் சார்" என்றேன். இனி ஆபரேஷன்தான், அதிலும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்.

போன வாரம் நல்ல மழை. மறுநாள் மதியம் வழக்கம்போல வந்து, சோற்றைப் பிசைந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு வாய் வாங்கியிருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அதைப் பற்றிக் கேட்டாள்.

"மழ பெஞ்சுதே, பள்ளிக்கூடத்துல அதெல்லாம் நிக்குதா?"

"நிக்குது."

"ஒண்ணுகூட விழலயா?"

"விழல."

"சரி" என்றாள். அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.