கொட்டாஞ்சேனைக் கிடாயின் கோபம்

எங்கள் கிடாய் முதலில் முட்டியது பால்காரரை. அடுத்தது தபால்காரர். அதுவரை எனக்குப் பெரிய கவலையில்லை. தபால்காரர் எனக்கு நல்ல கடிதம் கொண்டுவந்து நாளாகிவிட்டது. மூன்றாவதாக, மாடியில் இருக்கும் வீட்டுக்கார அன்ரி பின்வளவில் துணி காயப்போடக் குனிந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு முட்டு. அதோடு விஷயம் பெரிதாகிவிட்டது.

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இதை இறைச்சிக்குக் குடுங்கோ. இல்லாட்டி நீங்கள் வேற வீடு பாருங்கோ,” என்றார் அன்ரி, நின்றுகொண்டே. அவரால் உட்கார முடியவில்லை.

என் மனைவி அழுதாள். தாயை இழந்த குட்டியை வத்தளையில் தன் அண்ணன் வீட்டிலிருந்து மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தவள் அவள். போத்தல் பால் கொடுத்து வளர்த்தவளும் அவள்தான். என் பங்கு சிறியது. கந்தோரில் வேலை முடிந்து வந்ததும் சாரத்தைக் கட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போவேன். உள்ளங்கையைக் குட்டியின் நெற்றியில் வைத்துத் தள்ளுவேன். அது திருப்பித் தள்ளும். நான் தோற்று விழுவது போல நடிப்பேன். பகல் முழுக்க மனேஜரிடம் தோற்றுவிட்டு வருகிறவனுக்கு, ஆசைப்பட்டுத் தோற்க ஓர் இடம் வேண்டாமா?

கிடாய் ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. மனைவி கண்ணூறு என்றாள். அன்ரி எங்கள் வளர்ப்பு என்றார். நான் வெயில் என்றேன்.

சனிக்கிழமை மிருக வைத்தியர் வந்தார். கிடாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: குட்டியாக இருக்கும்போது யாராவது இதன் நெற்றியைத் தள்ளி விளையாடினீர்களா? நமக்குத்தான் அது விளையாட்டு, ஆட்டுக்கு அது சண்டைக்கு அழைப்பு என்றார். வேறு ஆடுகளைக் காணாமல் வளர்ந்ததால் மனிதரையும் ஆடென்றே நினைக்கிறதாம். பெரிய கிடாய்களோடு விட்டால் அடங்கும், ஆனால் மனிதர் யாரும் இனித் தள்ளக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மனைவியின் சிங்களம் மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும்.

“என்னவாம்?” என்றாள்.

“வெயிலாம். வத்தளையில மற்ற ஆடுகளோட விட்டால் சரிவருமாம்.”

பாதி உண்மைதானே. கிடாய் பிழைத்தது, நானும் பிழைத்தேன். மறுநாள் காலை ஓட்டோவில் அதை வத்தளைக்கு ஏற்றிப்போனோம்.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். அங்கிருந்த கிழட்டுக் கிடாயிடம் எங்களுடையது நன்றாக வாங்கிக் கட்டியிருக்க வேண்டும். மனைவியின் அண்ணன் குனிந்து தின்னக் குழை போட்டார், முட்டவில்லை. மனைவி கழுத்தைக் கட்டிக்கொண்டாள், சும்மா நின்றது. பிறகு என்னைக் கண்டது. ஓடிவந்து இரண்டடி முன்னால் நின்று, தலையைத் தாழ்த்தி நெற்றியைக் காட்டியது. முட்டவில்லை. என் கைக்காகக் காத்து நின்றது.

எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம். இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மனைவி கிடாயைப் பார்த்தாள். என் பைகளைப் பார்த்தாள்.

“வெயில், என்ன?” என்றாள்.