படையலுக்கு எந்த உப்பு

சாமியம்மாள் இரண்டு விதமாக உப்புப் போடுவாள். வீட்டில் சாப்பிடுகிற குழம்புக்கு ஒரு அளவு, புருஷன் ஷிப்டுக்குக் கொண்டுபோகும் தூக்குச்சட்டிக்கு ஒரு அளவு. காரணம் அவள் புருஷன் கொளஞ்சியப்பன்தான். வீட்டில் கொஞ்சம் கூடிப்போனால் "நாக்கு கரிக்குது" என்று தட்டைத் தள்ளுவான். அதே ஆள் ஷிப்டு முடிந்து வந்து, கழுவிய தூக்கைக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு உப்பு கம்மி" என்பான். சுரங்கத்தில் வேர்த்து ஊற்றுகிற உடம்பு உப்புக் கேட்கிறது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். தூக்கில் ஒரு பருக்கை மிஞ்சி வந்ததில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்களிடம் அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வாள். நெய்வேலியில் அப்போது பெருமைக்கு வேறு என்ன இருந்தது?

கொளஞ்சியப்பன் பம்ப் செக்‌ஷன். பூமிக்கடியில் பொங்குகிற தண்ணீரை இராப்பகலாக இறைத்துத் தள்ளினால்தான் நிலக்கரியைத் தொட முடியும். அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் ஒருவன். காண்ட்ராக்டில் மண் சுமந்து, பெர்மனன்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, அதில் ஆறு வருஷம் இருந்து, அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து செத்துப்போனான். நாற்பது வயதிருக்கும். பிறந்த வருஷம் அவனுக்கே தெரியாது.

பதினாறாம் நாள் கருமாதி. மறுநாள் படையல். செத்தவனுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் படைத்து, வந்தவர்கள் அவனைப் பற்றி நாலு வார்த்தை பேசி, அதன்பின் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முன்பெல்லாம் இதற்குத் திட்டம் என்று ஒன்று போட வேண்டியதில்லை. தெருவே கூடிச் செய்துவிடும். இப்போது தெருவும் இல்லை, ஊரும் இல்லை. அவர்கள் ஊரில் ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர்த்தெரு, அந்தப் பக்கம் இவர்கள் இருந்த சேரி. சுரங்கத்துக்காக இரண்டையும் ஒரே இயந்திரம்தான் தோண்டி எடுத்தது. அந்த வகையில் இயந்திரம் பாரபட்சம் பார்க்கவில்லை.

அதனால் கொளஞ்சியப்பனின் அண்ணன் பெரியண்ணன் திருவதிகைப் பக்கமிருந்து வந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து திட்டம் போட்டான்.

"பண்ருட்டில ஒரு சைவச் சமையக்காரரு இருக்காரு. சாம்பாரு, வடை, பாயசம். அவரு வந்து சமைச்சிட்டா தம்பியோட ஷிப்டு ஆளுங்க எல்லாரும் கை நனைப்பாங்க. நாம சமைச்சா மாலைய போட்டுட்டு, வேல இருக்குதுன்னு போயிடுவாங்க."

சாமியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "பாயசம் அவுருக்குப் புடிக்காதுங்க மாமா."

"அவனா வந்து குடிக்கப் போறான்? வர்றவங்களப் பாரும்மா."

அந்த நேரத்தில்தான் இசக்கிமுத்து சைக்கிளில் வந்து இறங்கினான். திருநெல்வேலிக்காரன், கொளஞ்சியப்பனோடு ஒரே பம்ப் ஹவுசில் வேலை. படையலுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல வந்தவன், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சாப்பாட்டுக்குப் போய்விட்டான்.

"கருவாட்டுக் கொழம்பு உண்டும்லா அக்கா? நீங்க வைக்க மாதிரி யாரும் வைக்க முடியாது."

"நீங்க எங்க சாப்ட்டீங்க?"

"நல்லா கேட்டிய! தெனமும் அந்தத் தூக்கக் காலி பண்ணதே நாங்கதானே?" சொல்லி முடித்த பிறகுதான் இசக்கிமுத்துவுக்குத் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று உறைத்தது. இனி மறைத்து என்ன என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டான். "கொளஞ்சி எங்களுக்குப் பிரிச்சு வச்சிட்டு, கேண்டீன்ல பன்னும் டீயும் வாங்கிக்கிடுவான். நாங்க திங்கத பாத்துக்கிட்டே இருப்பான்."

"ஒரு வாய் கூடவா துன்னல?"

"ஒரு வாய் கூட இல்ல."

"பழனிசாமியும் துன்னாரா?"

"மொதல்ல ஒரு வாரம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் இருந்தாரு. அப்புறம் வாசன விடுமா?"

பழனிசாமியும் அதே பம்ப் ஹவுசில்தான் வேலை. அவர்கள் ஊர்க்காரன், ஊர்த்தெரு. அவன் வீட்டு நிலத்தில்தான் கொளஞ்சியப்பனின் அப்பா ஆயுசு முழுக்க உழுதார். ஊரில் இருந்தவரை சாமியம்மாள் அவனை "ஐயா" என்று கூப்பிடுவாள். நகரியத்துக்கு வந்தபின் அப்படிக் கூப்பிட மனசு வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாமல், எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இருட்டோடு எழுந்து கருவாட்டை அலசி, மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கட்டிக்கொடுத்தால், பன்னைத் தின்றுவிட்டு வந்திருக்கிறான் மனுஷன். காமாலை வராமல் என்ன செய்யும்? அன்று முழுக்கப் பாத்திரங்களை டம் டம் என்று வைத்தாள். அடங்கிய பிறகுதான் வேறு மாதிரி யோசிக்க முடிந்தது. பழனிசாமி வீட்டுக் களத்தில் மாமனார் கையேந்தித்தான் கூழ் வாங்கிக் குடித்தார். அதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவன் கொளஞ்சியப்பன். அந்த வீட்டுப் பிள்ளை தன் தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதைப் பார்க்க அவன் எத்தனை நாள் வேண்டுமானாலும் பசித்திருப்பான். ஆனால் அதைப் பெண்டாட்டியிடம் சொன்னால் என்ன? இன்னொரு தூக்குக் கட்டியிருக்க மாட்டாளா?

மறுநாள் பெரியண்ணனிடம் சொன்னாள். "சமையக்காரரு வேணாங்க மாமா. நானே சமைக்கிறேன். அந்தக் கொழம்பேதான்."

"நல்லா யோசனை பண்ணிக்கினியா? கீழ சுரங்கத்துல துன்றது வேற, மேல வந்து நாலு பேரு எதிர்ல துன்றது வேற. ஊர்த்தெருக்காரங்களும் மாலை போட வருவாங்க. அவுங்க பாக்கச்சொல்லோ பழனிசாமி நம்ம வூட்டு இலையில உக்காருவாரா? உக்காரலன்னா யாருக்கு அசிங்கம்? செத்தவனுக்குத்தான்."

பெரியண்ணன் சொன்னதில் தப்பில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கருவாடு வாங்க ஆள் அனுப்பிவிட்டாள்.

படையலன்று அவளை வேறொரு குழப்பம் பிடித்துக்கொண்டது. எந்த உப்பு? தூக்குக்குப் போடுகிற அளவா, வீட்டு அளவா? கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றாள். வேலைக்கா போகப்போகிறான், வீட்டுக்குத்தானே வரப்போகிறான் என்று வீட்டு அளவையே போட்டாள்.

இரண்டு மணிக்கு ஒரு ஷிப்டு முடிந்து இன்னொரு ஷிப்டு ஏறும். இறங்கி வருகிறவர்கள் வசதிக்காகப் படையலை அதற்குப் பிறகு வைத்திருந்தார்கள். சொன்னபடி கூட்டம் வந்தது. இசக்கிமுத்து பேச எழுந்து, "கொளஞ்சி பம்ப பாத்துக்கிட்டா நாங்க நிம்மதியா ஒறங்குவோம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஊர்த்தெருக்காரர்கள் மாலையைப் போட்டுவிட்டு ரோட்டோரமாகப் போய் நின்றார்கள். பந்தல் ஓரத்தில் இலை போட்டார்கள். இசக்கிமுத்து முதல் ஆளாக உட்கார்ந்தான். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

பழனிசாமி உட்காரவில்லை. ஒரு தரம் ரோட்டைப் பார்த்தான். பிறகு பின்பக்கமாகச் சுற்றி அடுப்பங்கரைக் கதவுக்கு வந்தான். கையில் காலித் தூக்கு.

"இதுல கொஞ்சம் ஊத்திக் குடும்மா. வூட்டுக்குப் போயி சாப்புட்டுக்கறேன்."

சாமியம்மாள் தூக்கைப் பார்த்தாள். வாங்கி ஊற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. அவளுக்குக் கை நீளவில்லை.

"இத்தினி வருசமா தூக்குல கொண்டாந்து குடுத்தவரு போயிட்டாரு அண்ணே. இனிமே வேணும்னா இலையில உக்காந்துதான் சாப்புடணும்."

அண்ணே என்று வாயில் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது. பழனிசாமி தூக்கை மூடினான். தூக்கோடு போய்விட்டான். அவ்வளவுதான், பெரியண்ணன் சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தாள். குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள்.

கடைசி இலையில் பழனிசாமி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தால் ஆள் தெரியாது என்று எண்ணமோ என்னவோ. ரோட்டில் நின்றவர்களுக்கு அந்த முதுகு பிறந்ததிலிருந்து பழக்கம். சாமியம்மாள் குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்தான், ஒரு வாய் வைத்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் சொல்வதுபோல் சொன்னான்.

"இன்னிக்கு உப்பு கம்மி."

கரண்டி அப்படியே நின்றது. ஆறு வருஷமாக, உப்புக் குறைந்த நாளெல்லாம் புருஷன் தூக்கைக் கொடுத்துவிட்டுச் சொன்ன அதே வார்த்தை. அது கொளஞ்சியப்பனின் நாக்கு இல்லை. பழனிசாமி கீழே சொன்னதை, ஒரு எழுத்து மாற்றாமல் மேலே கொண்டுவந்து அவளிடம் கொடுத்திருக்கிறான்.

கருமாதியில் எல்லோரும் அழச் சொல்லியும் சாமியம்மாளுக்கு அழுகை வந்திருக்கவில்லை. இப்போது வந்தது. அழுதுகொண்டே உள்ளே போய் உப்புச் சாடியை எடுத்து வந்து, பழனிசாமியின் இலை ஓரத்தில் ஒரு கை உப்பு வைத்தாள்.

"எல்லாம் உங்க அளவுதான் அண்ணே, இத்தினி வருசமா" என்றாள்.