தூங்குறா மேடம்

இது உண்மையாக நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

எழுதுவதற்குக் காரணம் என் அக்கா மகள். பதினாறு வயது. அடுத்த வாரம் ஏதோ ஒரு கல்லூரியில் கோடைப் பயிற்சி முகாமுக்குப் போகிறாள். மூன்று வாரம் அங்கேயே தங்க வேண்டும். "நீ போயிருக்கியே சித்தி, என்னென்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டாள். கையில் முகாம்காரர்கள் அனுப்பிய வழுவழு கையேடு. துணியில் பெயர் எழுதுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், அறைத் தோழியோடு அனுசரித்துப் போங்கள். அட்டையில் நான்கு பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார்கள். எந்த முகாமில் யார் அப்படிச் சிரித்தார்களோ தெரியாது. எங்களுக்கும் இதே மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் அதில் இல்லை.

எனக்கு அப்போது அவள் வயது. வந்திருந்த எல்லோரும் அவரவர் பள்ளியில் முதல் மாணவிகள். அத்தனை முதல் மாணவிகளை ஒரே மாடியில் அடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அணுவைப் பிளப்பது பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பக்கெட்டில் ஊறவைத்த துணியை யார் அலசுவது என்று தெரியாமல் அம்மாவுக்குப் போன் போடுவார்கள். கோடை விடுமுறை என்பதால் கல்லூரியில் வேறு ஈ காக்கை கிடையாது. பாதிக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. பின்பக்கம் விளக்குகூடப் போட மாட்டார்கள்.

என் அறைத் தோழிக்கு நாங்கள் வைத்த பெயர் கேமரா. பல் துலக்குவதைக்கூடப் போனில் படம் பிடிப்பாள். அறையில் இரண்டு கட்டில். ஜன்னலோரம் எனக்கு, சுவரோரம் அவளுக்கு. எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல்.

அவளைவிட எரிச்சல் எங்கள் வார்டன். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். நடந்தால் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும். இரவு ஒன்பது மணிக்கு அட்டெண்டன்ஸ். எந்த அறைக்குள்ளும் கால் வைக்க மாட்டார். வாசலிலேயே நின்று, "ரெண்டு பேரும் இருக்கீங்களா?" என்பார். "இருக்கோம் மேடம்" என்றால் போதும், அடுத்த அறைக்குப் போய்விடுவார். அவருக்கு வாசப்படி என்று பெயர் வைத்தோம். சரியான சோம்பேறி, இதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாசப்படியை ஏமாற்றுவதற்கென்றே எங்கள் மாடியில் ஒரு கலை இருந்தது. பெயர் 'பொம்மை போடுவது'. எந்தக் காலத்து மாணவி கண்டுபிடித்தாளோ, ஒவ்வொரு வருடமும் கைமாறி வந்திருக்கிறது. கட்டிலில் இரண்டு தலையணையை நீளவாக்கில் வைக்க வேண்டும். தலைக்குச் சுருட்டிய துண்டு. மேலே போர்வை. வெளியே போனவள் திரும்பி வரும்வரை அதுதான் அவள். கேட்டால், "தூங்குறா மேடம்." இவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை மதிப்பெண்ணும்.

அறையில் ஆரம்பத்திலிருந்தே ஏதோ சரியில்லை. காலையில் எழுந்தால் என் தண்ணீர் பாட்டில் காலியாக இருக்கும்.

"உனக்கு வயித்துக்குள்ள தொட்டியா கட்டியிருக்கு?" என்று கேமராவைத் திட்டுவேன்.

"என்னோடதும்தான் காலி. நீதான் குடிச்சிருப்ப" என்பாள்.

இன்னொன்றும் சொல்வாள். "இந்த மெத்தை கொதிக்குதுடி. நான் எந்திரிச்சு ரொம்ப நேரமாச்சு, இன்னும் சுடுது. தொட்டுப் பாரேன்." நான் தொட்டுப் பார்க்கவில்லை. எல்லாம் வீடியோவுக்கான நாடகம் என்று நினைத்தேன்.

முகாம் முடிய ஒரு நாள் இருந்தது. மறுநாள் சான்றிதழ். நான் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைக்க அது கட்டாயம் வேண்டும். அட்டெண்டன்ஸில் ஒருத்தி இல்லாவிட்டால் அவளுக்கும் கிடையாது, மறைத்தவளுக்கும் கிடையாது. இரண்டு பேரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கேமரா செருப்பை மாட்டினாள்.

"பின்னாடி ஒரு பழைய நீச்சல் குளம் இருக்குல்ல? அதுல இறங்கி ஒரு வீடியோ எடுக்கப் போறேன். காலியா கெடக்கு, சூப்பரா எதிரொலிக்குதாம்."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"எட்டு மணிக்குள்ள வந்துடுவேன். வரலன்னா பொம்மை போட்டுடு."

"போய்த் தொலை" என்றேன். நான் அவளிடம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஏழரைக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்டு மணி ஆயிற்று. வரவில்லை. போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எட்டேகாலுக்கு மறுபடி செய்தேன். அப்படியே. குளம் ஆழம். அதில் தண்ணீர் வடிந்துபோக வழி இருக்கிறதா? வார்டன் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்துபோய்ச் சொன்னால் முடிந்தது. ஆனால் சான்றிதழ்...

எங்காவது ஒதுங்கியிருப்பாள், அந்தக் கழுதைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டே முக்காலுக்குப் பொம்மை போட்டேன். துண்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். என் கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன்.

களக்... களக்... களக்...

யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம். நிமிர்ந்தேன். மேசையில் என் பாட்டில் மூடியோடு இருந்தது. நான் அதைச் சற்றுமுன்தான் நிரப்பி வைத்தேன்.

காலி.

மழைச் சத்தத்தில் ஏதோ கேட்டிருக்கும். நான்தான் நிரப்ப மறந்திருப்பேன். முதல் மாணவிக்கு விளக்கம் சொல்லவா தெரியாது? புத்தகத்தைப் பார்த்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது.

என் கட்டில் இல்லை.

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த தலை இப்போது என் பக்கம் இருந்தது. போர்வை அதை முழுக்க மூடியிருந்தது. நான் கழுத்துவரைதான் மூடினேன்...

எழுந்தேன். கையை நீட்டி, போர்வைமேல் ஒரு விரலை வைத்தேன்.

சுட்டது.

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. விரலை இழுத்துக்கொண்டேன்.

போர்வை ஏறியது. இறங்கியது.

ஏறியது...

இறங்கியது...

அப்போது வராந்தாவில் சாவிக்கொத்துச் சத்தம். ஒன்பது மணி. வாழ்க்கையில் முதல் முறையாக வாசப்படி வருவது எனக்கு நிம்மதியாக இருந்தது. கதவைத் திறந்தேன். வழக்கம்போல் வெளியிலேயே நின்றார்.

"ரெண்டு பேரும் இருக்கீங்களா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் தானாகத் திறந்தது.

"இருக்கோம் மேடம்."

"அவ?"

"தூங்குறா மேடம். தலைவலின்னு சீக்கிரமே படுத்துட்டா."

அவர் கண் ஒரு நொடி அந்தக் கட்டிலுக்குப் போனது. உடனே திரும்பிக்கொண்டது. "சரி" என்று நகர்ந்தார்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். சின்னப் பெண்ணின் குரல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி வறண்ட குரல்.

"இன்னைக்காவது தூக்கிப் பாருடி, கொசு."

எனக்கு முதலில் வந்த பயம் என்ன தெரியுமா? வார்டனை 'டி' போட்டுக் கூப்பிட்டது நான் என்று அவர் நினைத்துவிடுவாரே என்பதுதான். அதுவும் அந்த உடம்புக்குக் கொசு என்று பெயர்! அவ்வளவுதான் என் அறிவு.

சாவிக்கொத்து கீழே விழுந்தது.

வார்டன் திரும்பினார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாண்டினார்.

உள்ளே வந்தார்.

கட்டிலருகே போனார். போர்வையைப் பிடித்தார்...

தூக்கினார்.

இரண்டு தலையணை. ஒரு துண்டு.

மூன்றும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தன.

"எங்க அவ?"

"நீச்சல் குளம் மேடம்..."

அந்த உடம்போடு அவர் ஓடியதை நான் பார்த்தேன். செருப்புகூடப் போடவில்லை. வாட்ச்மேனைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே மழைக்குள் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். டார்ச் வெளிச்சத்தில் கேமரா தெரிந்தாள். குளத்தின் ஆழமான பக்கம் விழுந்து காலை முறித்துக்கொண்டு, மூலையில் சாய்ந்து கிடந்தாள். வடிகாலை இலைகள் அடைத்திருந்தன. தண்ணீர் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. வார்டன் அப்படியே உள்ளே குதித்தார்.

ஆஸ்பத்திரியில் விடியும்வரை நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சான்றிதழ் ஞாபகமே வரவில்லை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"மேடம், சத்தியமா நான் உங்களை டி போட்டுப் பேசல."

"தெரியும்" என்றார்.

பிறகு அவரே தொடர்ந்தார்.

"நானும் இதே முகாமுக்கு வந்தவதான். அதே ரூம். ஜன்னலோரக் கட்டில். அப்ப நான் குச்சி மாதிரி இருப்பேன், ஓயாம பேசுவேன். அதனால கொசுன்னு கூப்பிடுவா. அவ மட்டும்தான் கூப்பிடுவா."

"யாரு மேடம்?"

"சுவரோரக் கட்டில்ல இருந்தவ. கடைசி நாளுக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மாடல் செஞ்சிருந்தோம். மறுநாள் பரிசு. காய்ச்சல்னு தெரிஞ்சா அவளை அனுப்பிடுவாங்க, பரிசு போயிடும். ராத்திரி அட்டெண்டன்ஸுக்கு வார்டன் வாசல்ல நின்னு கேட்டாங்க. நான் சொன்னேன்..."

அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"போர்வைக்குள்ள முழிச்சுக்கிட்டுதான் இருந்தா. தண்ணி கேட்டா. நான் மாடலுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டே, இரு இருன்னேன். அப்படியே தூங்கிட்டேன். காலையில தொட்டா, சில்லுனு இருந்தா." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. எந்த ரூமுக்குள்ளயும் காலெடுத்து வைக்க எனக்குத் தைரியம் வரல."

இவரைத்தான் நான் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அசிங்கமாக இருந்தது.

அப்போது நர்ஸ் வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார். கேமரா கண் விழித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் தேடினாள்.

"அவ எங்க?"

"யாரு?" என்றேன்.

"என்கூட இருந்தாளே. நான் மயங்கி மயங்கித் தண்ணிக்குள்ள சாஞ்சேன். தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. யாரையாவது கூப்பிடுன்னு சொன்னேன். 'கூப்பிட்டா வரமாட்டாங்க. நான் போய்ப் படுத்துக்கிறேன், அப்பதான் வருவாங்க'ன்னு சொல்லிட்டுப் போனா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பாவம்டி. அவ கை கொதிச்சுது. அவளுக்கு யாராவது ஒரு மாத்திரை குடுங்களேன்."

 

வார்டன் நர்ஸிடம் போய்க் காய்ச்சல் மாத்திரை ஒன்று வாங்கினார். அன்று இரவு அந்த அறைக்குள் தனியாகப் போனார். சுவரோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் மாத்திரையையும் வைத்தார். வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து அழைத்துப்போக மறுநாள்தான் வருவார்கள் என்பதால் நான் வேறு அறையில் படுத்தேன்.

காலையில் இருவரும் சேர்ந்துதான் கதவைத் திறந்தோம்.

டம்ளர் காலியாக இருந்தது.

மாத்திரை வைத்த இடத்திலேயே இருந்தது.