மூடிய கோடு

எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவும்போது ஒரு சத்தம் வரும், மெல்லிய தகரத்தைக் காற்று உதறினாற்போல. நேற்று பீரோவில் வேறெதையோ தேடுகையில் அது கேட்டது. படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளியே சாரல், வெளிச்சம் போதவில்லை. ஆனாலும் தெரிந்தது: என் மகளின் இடது கை.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது. எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒருவர் போலீஸில் இருப்பார், எல்லாம் ஆண்கள். இவள் தானும் போவேன் என்றாள். ஓடினாள், தாண்டினாள், குண்டு எறிந்தாள். உயரத்தில்தான் அரை சென்டிமீட்டர் இடித்தது. சாயங்காலம்தோறும் சுவரோரம் நிறுத்தி, தலையில் நோட்டை வைத்து அளப்பேன். அதே அரை. அந்தக் குட்டை என்னிடமிருந்து வந்தது. அதை இருவருமே பேசியதில்லை.

தென்காசியில் எலும்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மணிக்கட்டருகே விரல் வைத்தார்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இங்கன கருப்பா ஒரு இடைவெளி தெரியும் அண்ணாச்சி. அது குருத்தெலும்பு. வளந்து வளந்து, சுண்ணாம்புச்சத்து ஏறி எலும்பாவும். அப்படித்தான் நீளுது. உங்க பிள்ளைக்கு அந்த இடம் மூடிட்டு."

ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சமிருந்தது. நான் கவனிக்காத ஏதோ ஒரு நாளில், அவள் பள்ளிக்கூடம் போய்வந்த ஏதோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், சத்தமில்லாமல் மூடியிருக்கிறது.

"அப்போ அவ்வளவுதானா?" என்றாள் மகள்.

"நீளம் அவ்வளவுதான். ஆனா எலும்பு சும்மா கிடக்காது. பழசைக் கரைக்கும், புதுசைக் கட்டும். நீ ஓட ஓடக் காலெலும்பு உறுதியாவும். அப்புறம், முதுகெலும்புக்கு இடையில தண்ணி வச்ச மெத்தை மாதிரி இருக்கு. பகல் பூரா நின்னா அமுங்கும், படுத்தா உப்பும். காலையில எந்திரிச்சதும் என்னைக்காவது அளந்தியளா?"

அளந்ததேயில்லை. மறுநாள் காலை அளந்தோம். மயிரிழைதான், ஆனால் வேண்டிய அளவைத் தொட்டது.

அதோடு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் குற்றாலத்தில் நல்ல சீசன். அருவி தலையில் விழுந்தால் முதுகு அமுங்கும் என்று அவளைத் தடுத்தேன்.

"அப்போ நீங்களும் குளிக்கப்படாது."

"எனக்கென்னட்டி, நான் சுருங்கி ஆச்சு."

"குளிக்கப்படாதுன்னா குளிக்கப்படாது."

துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகப் போகிற கூட்டத்தைப் பார்க்காமலிருக்க பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காருவதை விட்டேன்.

தேர்வு திருநெல்வேலி மைதானத்தில். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போனால் அமுங்கிவிடுமே. பக்கத்து வீட்டுத் தேங்காய் வியாபாரியின் சின்ன லோடு வண்டியில் மெத்தை விரித்து, விடிந்ததும் அவளைப் படுக்கவைத்தே கொண்டுபோனோம். பாவூர்சத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அடடா, பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"போலீஸ் வேலைக்குப் போறேன் அண்ணாச்சி," என்றாள் படுத்தபடியே.

"பள்ளம் வருது, தலையப் பிடிச்சுக்கோங்க," என்று முன்னாலிருந்து வியாபாரி கத்துவார். இரு கைகளாலும் ஏந்திக்கொள்வேன். அவள் கைக்குழந்தையாக, உச்சந்தலையில் எலும்பு கூடாமல் துடித்த நாட்களில் இதே தலையை இப்படித்தான் ஏந்தினேன். இப்போது கெட்டியாக, கனமாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது.

மைதானத்து வாசலில் இன்னும் இரண்டு வண்டிகளிலிருந்து பிள்ளைகள் மெத்தையோடு வந்து இறங்கினார்கள். அப்பாக்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அளவில் தேறாதவர்களை உடனே வெளியே அனுப்பினார்கள். கழற்றித் தந்த ஷூவைப் பிடித்தபடி, வெளியே வரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் வாசல் வழியாக வரவில்லை. உள்ளிருந்து கம்பி வேலிக்கு ஓடி வந்தாள்.

"எப்பா, ஷூவக் குடுங்க. அடுத்து ஓட்டம்."

இடுக்கு வழியே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"இனி நான் சுருங்குனாலும் ஒண்ணுமில்ல. பஸ்ஸுல வந்துக்கிடுதேன். நீங்க நேரா போயி அருவியில குளிங்க."