மாத்திரை அட்டைகள் தெருவில் கிடந்தன

இளம் வயதினரின் மனச்சோர்வுக்கு மாத்திரை மட்டும் போதுமா, கூடவே உட்கார்ந்து பேசுவதும் வேண்டுமா என்று பார்க்கும் ஓர் ஆய்வில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பேசுவது என் பங்கு.

காத்திவாக்கத்தில் ஒரு பெண். பத்தொன்பது வயது. கல்லூரியை விட்டுவிட்டு, இரவிலும் தூக்கமில்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். அப்பா இல்லை. அம்மா மீன் விற்பவர். அண்ணன் விசைப்படகில் போகிறவன். நான் போகும் நேரங்களில் அவன் வீட்டில் இருந்ததில்லை.

அன்றைக்கு இருந்தான். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வாசலில் மாத்திரை அட்டைகள் சிதறிக் கிடந்தன. உள்ளே, தங்கையின் முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"எய்ந்திரு. பைத்தியம் துன்ற மாத்திர உனுக்கு இன்னாத்துக்கு? எய்ந்திருடி."

அடி விழுந்தபோதும் தடுக்க அவள் கை உயரவில்லை.

இப்படி நடந்தால் வெளியே வந்து போன் செய்ய வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே ஓடினேன். "தம்பி, விடுங்க."

"நீதான் இவளக் கெடுக்கறவளா?"

ஒரே தள்ளு. கதவுக் கொக்கியில் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அப்போதுதான் அவள் எழுந்தாள். அண்ணனின் முன்கையைக் கவ்விக் கடித்தாள். அவன் அறைந்தான். அவள் பல்லை எடுக்கவில்லை. மறுபடி அறைந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா மூங்கில் கழியை எடுத்து அவன் முதுகில் ஓங்கிப் போட்டார்.

"இன்னொரு அடி வுயுந்துச்சு, உன்ன இங்கியே சாய்ச்சுடுவேன்."

அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். கையிலிருந்து ரத்தம் சொட்டியது. "நைனாவும் இப்டித்தான் படுத்துகினே கெடந்தாரு. யாரும் எய்ப்பல. அப்பால பொணமாத்தான் தூக்குனோம்."

அப்பா மாரடைப்பில் போனதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அம்மா கழியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தையல் போட்டுக்கொண்டு ஆய்வை நடத்திய டாக்டரிடம் போனேன். இனி அந்த வீட்டுக்குப் போகவேண்டாம் என்றார். அவளை அங்கேயே விட்டுவிடுவதா என்று கேட்டேன். அன்று மாலையே அவரும் நானும் அம்மாவோடு பேசி, காலடிப்பேட்டையில் இருந்த சித்தி வீட்டுக்கு அவளை அனுப்பினோம். அவள் சுகாதார மையத்துக்கு வந்து பேசினாள், மாத்திரையும் தொடர்ந்தது.

அங்கே நடந்த முதல் சந்திப்பில் சொன்னாள்: "அவன் கை உப்பாக் கீந்துச்சுக்கா. ரொம்ப நாளு கழிச்சு வாய்க்கு ருசின்னு ஒண்ணு தெரிஞ்சுது."

அண்ணனையும் டாக்டர் வரச்சொன்னார். முதல்முறை குடித்துவிட்டு வந்து நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். அடுத்த முறை உட்கார்ந்தான். அப்பாவைப் பற்றி மட்டும் பேசினான்.

மறு வருடம் அவள் கல்லூரியில் திரும்பச் சேர்ந்தாள். மாத்திரையாலா, பேச்சாலா, அந்த வீட்டை விட்டு வந்ததாலா? ஆய்வு பலரைச் சேர்த்து ஒரு விடை சொல்லும். இவள் ஒருத்தியைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது.

அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் ஒருநாள் எதிரே வந்தவன் நின்றான்.

"இப்ப தூங்குறாளா?"

"தூங்குறா," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான்.